இல்லத்து மின்னேட்டுக் களஞ்சியம்
ஹட்டன் நிலை குறித்த சில ஆய்வுக் குறிப்புகள்

ஓலையில் எழுதப்பட்ட நூல் சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்திருத்தல் அரிது. கறையானும் பூச்சியும் ஈரமும் அதனை அரித்துவிடும். அவ்வாறிருந்தும் சங்கச் சான்றோர் செய்யுட்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கடந்து வந்துள்ளன. அதற்குக் காரணம் ஓலையின் வலிமையன்று. ஓலை கெடுமுன் அதனைப் பார்த்து வேறோர் ஓலையிற் படியெடுத்து வைத்த மாந்தரின் விடாமுயற்சியேயாகும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் (1855–1942) சீவகசிந்தாமணியையும் 1887ஆம் ஆண்டில் அச்சேற்றினர். அவ்விருவரும் ஒரு நூலுக்கு ஊர் பலவற்றிலிருந்த ஏடுகள் பலவற்றைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கியவர்கள். ஓர் ஏட்டிற் சிதைந்த அடி மற்றோர் ஏட்டிற் பிழைத்திருந்தது. ஏடு பலவாகவும், அவை கிடந்த இடம் பலவாகவும் இருந்தமையே நூலைக் காத்தது.

ஓலைக்குரிய இவ்விதி மின்னேட்டுக்கும் பொருந்தும். இன்று ஓர் இல்லத்தின் புகைப்படங்கள், பத்திரங்கள், முதியோர் குரற்பதிவுகள் ஆகியன கைத்தொலைபேசியிலும் பழைய கணினியிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஓரிடத்தே திரட்டி, இல்லத்தார் அனைவரும் எடுத்தாளும் வண்ணம் வைத்துக் காக்கும் பொறியையே வீட்டுச் சேமிப்புச் சேவையகம் என்பர். கையிலுள்ள வெவ்வேறு அளவினவான வன்தட்டுக்களைக் கொண்டு அத்தகைய முதற் சேவையகத்தை அமைப்பது எங்ஙனம், ஹட்டன் போன்ற மலையக நகரில் அதற்கு நேரும் இடர்கள் யாவை, அவற்றைத் தவிர்க்கும் வழி யாது என்பனவே இக்கட்டுரையின் பொருளாம்.

பத்திரமும் உரிமையும்

மலையகத் தமிழருக்கு ஏடு காத்தல் வெறும் விருப்பச் செயலன்று. அவர்தம் வரலாற்றில் ஒரு துண்டுத் தாள் ஒரு குடும்பத்தின் விதியை நிருணயித்த காலங்கள் பல. தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளி, தன் கடன் கணக்கைக் காட்டும் ‘துண்டு’ இன்றிச் செல்லல் இயலாத நிலை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நீடித்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதனை அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை எய்தியோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. லயத்து அறையில் வாழ்ந்து, பிறப்பையும் மணத்தையும் பதிவு செய்யும் வாய்ப்புக் குன்றியிருந்த மக்களிடம் பத்தாண்டுக் காலச் சான்றைக் கேட்பது எத்துணைக் கடுமையானது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ, மேற்கூறிய 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வதிந்த இந்திய வமிசாவளியினருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை நல்கியது. எனவே அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ‘எங்கே இருந்தீர், எப்பொழுது வந்தீர்’ என்னும் வினாவுக்குத் தாளொன்றைக் காட்டி விடையிறுக்க வேண்டிய நிலையில் இம்மக்கள் இருந்தனர்.

உரிமைப் பத்திரங்கள் ஒருபுறமிருக்க, இலக்கியச் செல்வமும் அவ்வாறே அருகி வருகின்றது. கோ. நடேசய்யர் (1887–1947) வெளியிட்ட பத்திரிகைகளும் சிறு பிரசுரங்களும் இன்று எளிதிற் காணற்கியலாதன. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கியிராவிடின், அவற்றுட் பல பாடியவர்களோடே மறைந்திருக்கும். மவுசாகலை நீர்த்தேக்கத்துள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரை இன்று காண விரும்புவோர்க்கு, வறட்சியில் நீர் வற்றும்போது தோன்றும் இடிபாடுகளையன்றி, எவரோ ஓர் இல்லத்தார் காத்து வைத்த புகைப்படங்களே துணை.

ஓரிடத்தே குவித்து வைத்த செல்வம் ஓரிரவில் அழியும் என்பதற்கு 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டமையே சான்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அத்தீக்கு இரையாயின. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கிக் காத்து வருகின்றது. மலையக வெளியீடுகளும் அதன்கண் உள. எனினும், பொது நூலகம் அச்சேறிய ஏட்டைக் காக்குமேயன்றி, ஒவ்வோர் இல்லத்துப் பெட்டியுட் கிடக்கும் பிறப்புச் சான்றிதழையும் பாட்டியின் தாலாட்டையும் தானே தேடிவந்து காத்தல் இயலாது. அக்கடமை இல்லத்தாரையும் ஊர் வாசிகசாலையையும் ஆசிரியரையும் சார்ந்தது.

முதற்கண் அளவு

தட்டுக்களைத் தேடுமுன் காக்கவேண்டிய பொருளின் அளவை அறிதல் வேண்டும். பலர் இம்முறையை மாற்றிச் செய்து, பெரும்பொருள் செலவிட்ட பின் வருந்துவர்.

ஏ4 அளவுத் தாளொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடினால், அகலத்தில் 2,480 புள்ளியும் நீளத்தில் 3,508 புள்ளியும் அமையும். புள்ளியொன்றுக்கு மூன்று பைட் எனின், சுருக்கப்படாத மூலக்கோப்பு ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும். நான்கு அங்குலம் அகலமும் ஆறு அங்குலம் நீளமுமுள்ள புகைப்படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வருடினும் அதேயளவு ஆகும். செம்மையான குரற்பதிவு மணிக்கு ஒரு கிகாபைட்டும், நல்ல தரத்து நிகழ்படம் மணிக்குப் பதினொரு கிகாபைட்டும் கொள்ளும்.

ஹட்டனில் நூல் சேர்க்கும் ஆசிரியர் ஒருவரது இல்லத்தில் 150 பக்க அளவினவான நூல்களும் இதழ்களும் 300, புகைப்படங்கள் 2,000, முதியோர் குரற்பதிவு 100 மணி, திருவிழா, காமன்கூத்து முதலியவற்றின் நிகழ்படம் 100 மணி உள எனக் கொள்க. நூல்கள் 45,000 பக்கங்களாக 1.17 டெராபைட்; புகைப்படங்கள் 0.05, குரல் 0.10, நிகழ்படம் 1.13. ஆகக் கூடுதல் ஏறத்தாழ 2.45 டெராபைட். எதிர்கால வளர்ச்சிக்கு இரட்டித்துக் கொண்டால் ஐந்து டெராபைட் போதும். ஆயிரமாயிரம் ரூபாயை அளவின்றிச் செலவிட வேண்டுவதில்லை என்பது இக்கணக்காற் பெறப்படும்.

இன்னொரு நுட்பமும் ஈண்டு நோக்கத்தக்கது. தட்டுச் செய்வோர் ஒரு டெராபைட்டை இலட்சங்கோடி பைட் எனக் கணக்கிடுவர். சில கணினிகளோ 1,024ஐ அடியாகக் கொண்டு எண்ணும். அதனால் 4 டெராபைட் தட்டு சில திரைகளில் 3.64 எனத் தோன்றும். வணிகர் ஏமாற்றினார் என ஐயுறல் வேண்டா. எண்ணும் முறையே வேறு.

வன்தட்டின் இயல்பு

வன்தட்டு 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தாரால் முதன்முதல் வணிகத்துக்கு வந்தது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது வட்டுக்கள் அடுக்கிய அப்பெரும் பொறி ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே கொண்டது. இன்று உள்ளங்கை அளவினதாகிய தட்டு அதன் பல இலட்சம் மடங்கு கொள்கின்றது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. காந்தப்பூச்சுடைய வட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அதன்மேல் மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியிற் படிப்பு முனை மிதந்து செல்கின்றது. சுழல்வதும் நகர்வதுமாகிய எப்பொறியும் ஒருநாள் ஓயும்.

ஒரு தட்டு ஓராண்டிற் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு எனக் கொள்ளின், அது சிறிதென்றே தோன்றும். நான்கு தட்டுக்கள் ஐந்தாண்டு இயங்குமாயின், அவற்றுள் ஒன்றேனும் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு 33 ஆகிவிடுகின்றது. மூன்றில் ஒரு பங்கு என்பது சிறிதன்று. எனவே ‘கெடுமோ’ என்று வினவாது, ‘கெடும்போது என் செய்வது’ என்று வினவுதலே அறிவுடைமை.

தட்டுத் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. அதனை ‘ஸ்மார்ட்’ என்பர். பழைய தட்டொன்றைச் சேவையகத்திற் சேர்க்குமுன், அது எத்தனை மணிநேரம் இயங்கிற்று, பழுதான கூறுகள் எத்தனை மாற்றி வைக்கப்பட்டன, படிக்கவியலாத கூறுகள் உளவோ என அதன்வழி அறிதல் வேண்டும். கூகிள் நிறுவனத்தார் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுக்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், மேற்பரப்புச் சோதனையில் முதற் பிழை தோன்றிய தட்டு அடுத்த அறுபது நாளிற் பழுதாகும் வாய்ப்பு ஏனையவற்றினும் 39 மடங்கு எனக் கண்டனர். ஆகவே பிழை காட்டிய தட்டு, விலை கருதி இரங்கத்தக்கதன்று, உடனே விலக்கத்தக்கது. அதே ஆய்வு, ஸ்மார்ட் எவ்வித முன்னறிவிப்பும் தராமலே பல தட்டுக்கள் மாண்டன என்பதையும் காட்டிற்று. நலக்குறிப்பு நன்றாயிருத்தல் ஒன்றே காப்பாகாது.

தட்டு வாங்குங்கால் அதன் எழுத்து முறையையும் வினவுதல் நன்று. சில தட்டுக்களில் எழுத்துத் தடங்கள் கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இடம் மிகுதியாயினும், தொடர்ந்து நெடுநேரம் எழுத நேரும்போது அவை மிக மெதுவாகிவிடும். தடங்கள் தனித்தனியே அமைந்த தட்டே சேவையகத்துக்கு உகந்தது.

வெவ்வேறு அளவுத் தட்டுக்கள்

மேற்கூறிய இல்லத்தில் 8, 4, 4, 2 டெராபைட் அளவினவாக நான்கு தட்டுக்கள் உள எனக் கொள்க. கூட்டினால் 18. இப்பதினெட்டையும் ஒரே பெருங்களஞ்சியமாக இணைத்துவிடல் இயலும். ஆயின் காப்பு ஒன்றும் இராது. பேணுதற்கு இடம் விட்டுக்கொடுத்தேயாக வேண்டும். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதே வினா.

ஒரு தட்டின் இழப்பைப் பிற தட்டுக்களால் ஈடுசெய்யும் முறையை விளங்கிக்கொள்ளத் தோட்டத்துக் கொழுந்து நிறுவையே தக்க உவமை. மூன்று பெண்களின் கொழுந்தை நிறுத்துக் கணக்கப்பிள்ளை 7, 5, 6 கிலோ எனக் குறித்து, அடியிற் கூட்டுத்தொகை 18 என எழுதுகின்றார். மழைத்துளி பட்டு நடுவிலுள்ள எண் அழிந்துவிடினும், பதினெட்டிலிருந்து ஏழையும் ஆறையும் கழித்தால் ஐந்து எனக் கண்டுகொள்ளலாம். எந்த எண் அழியினும், கூட்டுத்தொகையே அழியினும், எஞ்சியவற்றால் மீட்கலாம். ஆனால் இரண்டு எண்கள் ஒருங்கே அழியின் மீட்சியில்லை. தட்டுக்களில் எழுதப்படும் ஒன்று, சுழி என்னும் குறிகளையும் இவ்வாறே கூட்டி, அக்கூட்டை வேறிடத்து எழுதி வைப்பர். அதற்குப் ‘பரிட்டி’ என்பது பெயர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் 1988இல் எழுதிய கட்டுரையே இத்தகைய தட்டுத் தொகுதிகளுக்கு ‘ரெய்டு’ என்னும் பெயரை வழக்கிற் கொணர்ந்தது.

இவற்றுள் ‘ரெய்டு 5’ என்னும் முறை கோப்புக்களையும் பரிட்டியையும் எல்லாத் தட்டுக்களிலும் துண்டு துண்டாகப் பரப்பி எழுதும். இது சம அளவுத் தட்டுக்களுக்கு ஏற்றது. அளவு வேறுபடின், ஒவ்வொரு தட்டிலும் மிகச் சிறிய தட்டின் அளவே பயன்படும். மேற்கூறிய நான்கிலும் இரண்டிரண்டு டெராபைட்டே எடுக்கப்பட்டு, ஒன்று பரிட்டிக்குப் போக, ஆறே எஞ்சும். பதினெட்டில் பத்து டெராபைட் வீணாகின்றது. அன்றியும், கோப்பொன்றன் துண்டுகள் பல தட்டுக்களிற் சிதறிக் கிடத்தலால், இரண்டு தட்டுக்கள் பழுதாயின் எஞ்சிய இரண்டிலும் உள்ளவை எவர்க்கும் பயன்படா.

இரண்டாவது முறை ஒவ்வொரு பொருளையும் இரு தட்டுக்களில் இரட்டித்து எழுதுதல். ‘பிடிஆர்எஃப்எஸ்’ என்னும் கோப்பு ஒழுங்கு இதனை வெவ்வேறு அளவுத் தட்டுக்களிலும் செய்ய வல்லது. மிகப் பெரிய தட்டு ஏனையவற்றின் கூட்டுத்தொகையினும் மிகாதிருப்பின், மொத்தத்திற் பாதி கிடைக்கும். ஈண்டு எட்டுக்கு எதிரே பத்து இருத்தலின், ஒன்பது டெராபைட் பயன்படும். எளிய முறையேயாயினும், தட்டொன்று கெட்டால் ஏனையவற்றைச் சீர்செய்யப் பயிற்சியுடையார் துணை வேண்டும்.

மூன்றாவது முறை, ஒவ்வொரு தட்டையும் தனித்தனிக் களஞ்சியமாகவே விட்டு, மிகப் பெரிய தட்டொன்றைப் பரிட்டிக்கென ஒதுக்குதல். ‘ஸ்நாப்ரெய்டு’ என்னும் மென்பொருள் இவ்வாறு இயங்குவது. பரிட்டித் தட்டு ஏனைய ஒவ்வொன்றினும் சிறிதாகாதிருத்தல் வேண்டும் என்பதே விதி. எட்டைப் பரிட்டிக்கு ஒதுக்கினால் 4, 4, 2 ஆகப் பத்து டெராபைட் கோப்புக்களுக்குக் கிடைக்கும். பிற்காலத்தில் இன்னோர் எட்டு டெராபைட் தட்டு வாங்கிச் சேர்ப்பினும் அதே பரிட்டித் தட்டே போதும். இடம் மட்டும் பதினெட்டாகும். தனித்தனித் தட்டுக்களை ஒரே அடைவாகக் காட்டுதற்கு ‘மேர்ஜர்எஃப்எஸ்’ என்னும் துணைக்கருவி உண்டு.

இம்மூன்றாம் முறையின் பெருஞ்சிறப்பு வேறொன்று. தாங்கவொண்ணாத விபத்தில் இரண்டு தட்டுக்கள் கெட்டாலும், எஞ்சிய தட்டிலுள்ள கோப்புக்கள் முழுமையாகவே இருக்கும். அத்தட்டைக் கழற்றி, அதன் கோப்பு ஒழுங்கை அறியும் வேறொரு கணினியில் இணைத்து அப்படியே படிக்கலாம். சேவையகத்தை அமைத்தவர் வெளிநாடு சென்றாலும் மறைந்தாலும் இல்லத்தார் திகைக்க வேண்டுவதில்லை.

குறையும் இதற்குண்டு. பரிட்டி உடனுக்குடன் எழுதப்படுவதில்லை. குறித்த வேளையிலேயே கணக்கிடப்படும். இரவு பத்து மணிக்குக் கணக்கிடும் ஏற்பாடாயின், காலையிற் சேர்த்த கோப்பு இரவுவரை காப்பின்றியே இருக்கும். இடையிற் கோப்புக்களை அழித்தாலும் மாற்றினாலும் மீட்புத் திறன் குன்றும். நாள்தோறும் மாறும் வணிகக் கணக்குக்கு இது பொருந்தாது. ஒருமுறை வருடி வைத்தபின் மாறாத பழம்பத்திரங்களுக்கும் நூல்களுக்குமோ இது மிகப் பொருத்தமாம். பொருளின் இயல்பே முறையைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இரண்டு டெராபைட்டின் இடம்

கையிலுள்ள தட்டுக்கள் நான்கையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட வேண்டுமென்னும் ஆசை இயல்பானது. ஆயின் கணக்கு வேறு கூறுகின்றது. வேண்டிய இடம் ஐந்து டெராபைட். நான்கும் நான்குமாகிய இரண்டு தட்டுக்கள் எட்டுத் தருகின்றன. இரண்டு டெராபைட் தட்டினால் வரும் மிகை இடம் இப்பொழுது வேண்டப்படுவதன்று. பெட்டியிற் சேர்ப்பின் கெடக்கூடிய தட்டு ஒன்று மிகுவதே பயன்.

அத்தட்டுக்கு அதனினும் உயர்ந்த பணியொன்றுண்டு. நிகழ்படம் நீங்கலாகப் பத்திரம், நூல், புகைப்படம், குரல் ஆகியவற்றின் கூடுதல் ஏறத்தாழ 1.32 டெராபைட். அது முழுவதும் இரண்டு டெராபைட் தட்டில் அடங்கும். அதனை எழுதி, உறையிலிட்டு, வேறோர் ஊரில் உள்ள உறவினர் இல்லத்தில் வைத்துவிடின், சேவையகம் முழுவதும் அழியினும் மீளப் பெறவியலாதவை பிழைக்கும். மிகச் சிறிய தட்டே மிகப் பெரிய காப்பாவது இவ்வாறு.

பரிட்டியைக் காப்புப் பிரதியென மயங்குதல் இத்துறையிற் புகுவோர் செய்யும் பெரும்பிழை. பரிட்டி தட்டுப் பழுதையே தாங்கும். தவறுதலாக அழித்த கோப்பையோ, கோப்புக்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சுநிரலையோ, தீயையோ, திருட்டையோ அது தடுக்காது. பீற்றர் குரோக் என்னும் புகைப்படக் கலைஞர் பரப்பிய மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விதி இதற்கெனவே எழுந்தது. பிரதி மூன்று, ஊடகம் இரண்டு வகை, அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் என்பதே அவ்விதி. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் தேடிய ஏடுகள் பல ஊர்களிற் கிடந்தமையால் நூல் பிழைத்தது போலவே இதுவும்.

மலையும் மழையும் மின்னலும்

இனி, ஹட்டனுக்கேயுரிய இடர்களை நோக்குவாம். நகர் கடல்மட்டத்தின் மேல் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. உயரத்திற் காற்றின் அடர்த்தி குறைதலால் படிப்பு முனையின் மிதப்புக் கெடுமோ என ஐயுறுவோர் உளர். வன்தட்டுக்கள் ஏறத்தாழ 3,000 மீற்றர் உயரம்வரை இயங்குமாறு செய்யப்படுதலால் அவ்வச்சம் வேண்டா. குளிரும் நன்மையே, வெப்பம் மிக்க ஊர்களில் வேண்டப்படும் குளிரூட்டல் இங்கு வேண்டப்படுவதில்லை.

ஈரமே பகை. தென்மேற்குப் பருவமழை மலைச்சாரலில் மோதும் வழியில் ஹட்டன் உள்ளது. அணித்தேயுள்ள வட்டவளை இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. குளிர்ந்து கிடந்த பொறியின்மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்றுப் படியின் நீர்த்துளி அரும்பும். அத்துளி மின்சுற்றை அரிக்கும். ஆதலால் சேவையகத்தை வெளிச்சுவரை ஒட்டியும் நிலத்திலும் வையாது, உட்சுவரருகே முழங்காலுயரத்துக்கு மேல் வைத்தல் வேண்டும். அடுப்புப் புகையும் அணுகலாகாது. இடையறாது இயங்கும் பொறியின் இளஞ்சூடே ஈரத்தைத் தடுக்கும். வேற்றிடத்தில் உறங்கும் தட்டினைக் காற்றுப்புகாப் பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியுடன் வைத்து, அப்பொதியை அவ்வப்போது மாற்றல் வேண்டும். குளிரிலிருந்து கொணர்ந்த தட்டினை உடனே இயக்காது, சில மணிநேரம் அறை வெப்பத்தில் இருக்கவிடுதல் நன்று.

மின்வெட்டு அடுத்த இடர். 2022 மார்ச்சு இறுதியில் இந்நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நீண்டது. எட்டு டெராபைட் பரிட்டித் தட்டினைப் புதிதாக எழுதி முடிக்க, விநாடிக்கு 180 மெகாபைட் வேகத்தில், ஏறத்தாழ 12 மணிநேரம் வேண்டும். அத்தகைய நாளில் மின்சாரம் இருந்த நேரத்துள் அப்பணி ஒருங்கே முடிதற்கு வழியில்லை. எனவே இடையில் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரவல்ல மென்பொருளைத் தேர்தல் மலையகத்தில் வசதியன்று, தேவையாகும். எழுதிக்கொண்டிருக்கையில் மின் அறுந்தால் கோப்பு ஒழுங்கே குலையலாம். பத்து நிமிடம் தாங்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்றை இணைத்து, மின்கலம் குறையுமுன் சேவையகம் தானே ஒழுங்காக அணையும்படி ஏற்பாடு செய்தல் வேண்டும். மின்னற்காலத்தில் மின்கம்பி வழியாக மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பி வழியாகவும் மிகைமின் பாயும் என்பதை மறத்தலாகாது. இடி முழங்குகையில் இரண்டையும் கழற்றிவிடலே உத்தமம்.

மின்செலவும் கருதத்தக்கது. மூன்று தட்டுக்களுடன் கூடிய பழைய மேசைக்கணினி 40 வாற்று நுகருமாயின் நாளொன்றுக்கு ஓரலகுக்குச் சற்றுக் குறைவு. மாதத்துக்கு 29 அலகு. இரவில் நிறுத்திவைப்பின் செலவு குறையும். புதுப்பொறி வாங்கல் இன்றியமையாததன்று. மூன்று தட்டு இணைக்கும் வாயிலும் கம்பிவழி வலையமைப்பு வாயிலும் உடைய பழைய அலுவலகக் கணினி போதும். மின்வழங்கிப் பெட்டி மட்டும் நல்லதாயிருத்தல் வேண்டும். ஏனெனின் தட்டுக்கள் சுழலத் தொடங்குங்கால் இயல்பினும் சில மடங்கு மின் இழுக்கும். ‘ஓப்பன்மீடியாவோல்ட்’ போன்ற இலவச மென்பொருள் இணையத்திற் கிடைக்கின்றது.

எல்லாவற்றினும் கொடிய இடர் மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையக மாவட்டங்கள் பலவற்றில் வெள்ளத்தையும் மண்சரிவையும் விளைத்தது. உயிரோடு தப்பியோர்க்கும் உடுத்த துணியன்றி ஒன்றும் எஞ்சாத அவ்வேளையில், பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் மண்ணோடு மண்ணாகின்றன. மலை சரிந்தால் ஒரே கூரையின் கீழுள்ள பிரதிகள் பத்தாயினும் ஒன்றே. வேற்றூரிலுள்ள ஒரு தட்டு அப்பொழுதுதான் தன் மதிப்பைக் காட்டும்.

மின்படியானது மூலப்பத்திரத்தின் இடத்தைச் சட்டப்படி பெற்றுவிடாது. ஆயினும் பதிவு இலக்கம், திகதி, பதிவாளர் பிரிவு ஆகியன அப்படியில் தெளிவாக இருப்பின், பதிவகத்திற் சான்றுப்படுத்திய பிரதியைத் தேடிப் பெறல் எளிது. இலக்கம் தெரியாதார் படும் அலைச்சலை மலையகத்தார் நன்கறிவர்.

ஒழுங்கும் மறைவும் தொடர்ச்சியும்

பொறி அமைந்தபின் எஞ்சுவது ஒழுக்கம். கோப்புக்கு இடும் பெயரில் ஆண்டு, இடம், பொருள் என்னும் மூன்றும் வரல் வேண்டும். படத்திலுள்ளார் யாவர், எத்தோட்டம், எப்பிரிவு என்பதை அறிந்தவர் இருக்கும்போதே எழுதி வைத்தல் வேண்டும். பெயரறியாப் படம் ஆயிரம் ஆண்டு இருந்தும் பயனில்லை. திங்களுக்கொருமுறை கோப்புக்களைப் பரிட்டியோடு ஒப்புநோக்கிச் சரிபார்த்தலும், ஆண்டுக்கொருமுறை வேற்றூர்த் தட்டினைக் கொணர்ந்து புதுக்கி அனுப்புதலும் வழக்கமாதல் வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி பிரதியன்று. ஆண்டுக்கு ஒரு கோப்பையேனும் காப்பிலிருந்து மீட்டு, திறந்து, படித்துப் பார்த்தல் தக்கது.

அடையாளப் பத்திரங்கள் பிறர் கையிற் சிக்கின் தீங்கு விளையும். ஆதலின் அவற்றைப் பூட்டுச்சொல்லால் மறைகுறியாக்கி வைத்தலும், சேவையகத்தை இணையத்துக்கு நேரே திறந்துவிடாமையும் இன்றியமையாதன. அயலார் குடும்பப் பத்திரத்தையோ குரலையோ அவர் இசைவின்றிச் சேர்த்தலும் பரப்புதலும் அறமன்று. பூட்டுச்சொல் ஒருவர் நெஞ்சில் மட்டும் இருப்பின் அவரோடு களஞ்சியமும் மறையும். அதனைத் தாளில் எழுதி, நம்பத்தக்க இருவரிடம் உறையிலிட்டுக் கொடுத்தலே முறை. மின்னேட்டுக் காலத்திலும் கடைசித் திறவுகோல் தாளேயாதல் வியப்பன்று.

தட்டின் வாழ்நாள் குறுகியது, ஓலையினும் குறுகியது. எனினும் ஓலையைப் படியெடுக்க நெடுநாள் வேண்டியிருந்த இடத்தில், வீட்டு வலையமைப்பு வழியே ஒரு டெராபைட்டைப் படியெடுக்க மூன்று மணிநேரமே வேண்டும். எளிமை மிகுந்ததனால் கடமை குறைந்துவிடவில்லை. செய்யாதார்க்குச் சொல்லுதற்குரிய காரணமே குறைந்தது.

ஹட்டன் வீதியில் இன்று பழைய வன்தட்டொன்றை வாங்குவோர் அதனை வெறும் உலோகப் பெட்டியென்றே காண்பர். ‘எங்கே இருந்தீர், எப்பொழுது வந்தீர்’ என்று இனியொரு காலத்து எவரேனும் இம்மக்களின் பேரப்பிள்ளைகளை வினவுவராயின், அப்பெட்டியுள் பாட்டனாரின் பதிவுத் தாளும், பாட்டியாரின் குரலும், அவர்கள் வாழ்ந்த லயத்தின் படமும் விடையாக இருத்தல் வேண்டும். அவ்விடை ஓரூரில் அழியினும் மற்றோர் ஊரில் இருத்தல் வேண்டும். படியெடுத்தலை அறமாகக் கொண்ட முன்னோர் வழிவந்தோர்க்கு இஃது அரிய செயலன்று.